நான்கு நிமிடக் கழுவல்

"குறைஞ்சா சந்தோஷப்படணும். நீ என்னடான்னா எதையோ பறிகொடுத்தவ மாதிரி உக்காந்திருக்கே."

"சந்தோஷம்தான் அண்ணி. ஆனா எங்க போச்சுன்னு தெரிய வேண்டாமா?"

"எது எங்க போச்சு?"

"காஸ்டிக். ஒரு கழுவலுக்கு முன்ன எத்தனை டின் ஊத்தினீங்களோ அத்தனைதான் இப்பவும் ஊத்துறீங்க. எனக்கு வந்து சேர்றது மட்டும் குறைஞ்சுகிட்டே போகுது."

"தண்ணி குறைஞ்சா அதோட சேர்ந்து எல்லாமும்தான் குறையும்."

"ஒரு ஸ்பூன் உப்ப டம்ளர்ல கரைச்சா என்ன, குடத்துல கரைச்சா என்ன? உப்பு அதே ஒரு ஸ்பூன்தானே அண்ணி?"

"அடேயப்பா! உன்னக் கட்டிக்கப் போறவன நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. தினம் ராத்திரி உப்புக் கணக்கு ஒப்பிச்சாத்தான் அவனுக்குச் சோறு."

அண்ணி சிரித்தாள். வாயையும் மூக்கையும் மூடியிருந்த முகத்துணிக்குப் பின்னாலிருந்து சிரிப்பு அமுங்கி வந்தது. வெள்ளைக் கோட்டும் தலைவலையுமாக பழச்சாறு ஓடும் கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள். கூடத்து ஆட்கள் கழிவுநீர்ப் பிரிவுக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். இங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நாத்தனாருக்கு இந்த நாற்றம் பழகிப்போய் வருஷம் நாலாகிறது.

அவளைத் தொழிற்சாலையில் எல்லோரும் மோப்பம் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க ஒரு விநாடி பிடிக்கும். வாய்க்கால் மூடியைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தால் போதும், உள்ளே இன்று எந்தப் பழம் ஓடுகிறது, கழுவல் தொடங்கிவிட்டதா, எந்த இயந்திரத்தில் கசிவு என்று சொல்லிவிடுவாள். கூடத்தில் பயன்படும் தண்ணீர் எல்லாம், தரையைக் கழுவியது, பழத்தைக் கழுவியது, குழாய்க்குள் ஒட்டிய சாற்றை அரித்தெடுக்கும் காஸ்டிக் என்ற காரத்தைக் கழுவியது, எல்லாமே கடைசியில் அவளுடைய தொட்டிக்குத்தான் வந்து விழும். காஸ்டிக்கின் காரத்தை ஆசிட் விட்டு முறித்து, காற்று ஊதும் பெரிய தொட்டிக்கு அனுப்புவாள். அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். தெளிந்த தண்ணீர் இயந்திரங்களைக் குளிர்விக்கவும் செடிகளுக்கும் போகும். குடிக்கப் போகாது.

"முன்னெல்லாம் நாளைக்கு ஆறு கேன் ஆசிட். இப்போ நாலே போதும்" என்றாள் மோப்பம்.

"ரெண்டு கேன் மிச்சம்! அதையும் அந்த அதிகாரி கிட்டச் சொல்றேன். எழுதிக் குடு."

"அண்ணி, நான் சொல்றது..."

"நாலு மணிக்கு டேங்கர் கிளம்புது. தண்ணீர்த் துறை அதிகாரி நம்ம தெருவுக்கே வந்து பாக்கப் போறார். இன்னைக்கு மட்டும் உன் உப்பக் கொஞ்சம் ஓரமா வை. கேட் போர்டு பாத்தியா? ஒண்ணு புள்ளி ஒன்பது!"

மோப்பம் பார்த்திருந்தாள். பார்க்காமல் யாராலும் உள்ளே வர முடியாது. ஒரு லிட்டர் பானம் செய்ய எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சிவப்பு எழுத்தில் மின்னும் அந்தப் பலகை, போன வருஷம் ஐந்து புள்ளி ஒன்றில் நின்றது. மழை பொய்த்து, ஊர்க் குழாய்கள் காற்றை மட்டும் துப்பத் தொடங்கியபோது அரசாங்கம் கெடு வைத்தது: இரண்டுக்குக் கீழே இறங்காவிட்டால் ஆழ்துளைக் கிணற்றுக்கு முத்திரை. கிணறு மூடினால் தொழிற்சாலை மூடும். முந்நூறு குடும்பம். அந்த முந்நூறில், லாரியோடு ஊர் ஊராகச் சுற்றி மாதத்தில் நாலு நாள் மட்டும் வீட்டுக்கு வரும் அண்ணனின் குடும்பமும் ஒன்று. அதை உண்மையில் நடத்துவது அண்ணிதான். மோப்பத்துக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

எண்ணை இறக்கியதும் அண்ணிதான். கழுவல் பிரிவின் பொறுப்பு அவளிடம் இருந்தது. ஒவ்வொரு நாளும் காஸ்டிக் ஓடியபின் குழாய்களில் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓடும். அதுதான் கடைசிக் கழுவல். அதை அவள் ஏழாக்கினாள். மூன்று வாரத்துக்கு முன் நாலாக்கினாள். அதோடு இன்னொன்றும் செய்தாள். கழுவல் முடிந்து பழச்சாறு வரத் தொடங்கும்போது, முதல் சில நிமிடம் தண்ணீரும் சாறும் கலந்துதான் வரும். அதை எப்போதும் வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். "இதுவும் குடிக்கிற பொருள்தானே, எதுக்குச் சாக்கடைக்குப் போகணும்?" என்று கேட்டு, அதையும் பாக்கெட்டில் அடைக்கவைத்தாள். கடைக்குப் போகாது, சுவை கொஞ்சம் நீர்த்திருக்கும். அதற்கு 'முதல் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை, மிச்சம் பிடித்த தண்ணீரோடு டேங்கர் தொழிலாளர் தெருவுக்குப் போகும்போது, வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பாக்கெட் இலவசம்.

எல்லோரும் கைதட்டினார்கள். மோப்பமும் கைதட்டினாள்.

"தெருவுல என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியும்ல?" என்றாள் இப்போது.

அண்ணியின் சிரிப்பு நின்றது. "தெரியும். பசங்களுக்கு வாய்ப்புண், தொண்டை எரிச்சல். டேங்கர் தண்ணியாலதான்னு சொல்றாங்க."

"என் தண்ணியாலன்னு சொல்றாங்க. நேத்து தையல்காரம்மா வழி மறிச்சு, 'சாக்கடையச் சுத்தம் பண்ணி எங்களுக்கு ஊத்துறியாமே, உங்க வீட்டுல குடிப்பியா?'ன்னு கேட்டாங்க. எதுத்த வீட்டுக்காரர் வாயத் திறக்காம காறித் துப்பினார்."

"நாக்குக்கு எலும்பா இருக்கு? பேசட்டும். நீ உன் தொட்டியப் பாரு." வாசலில் திரும்பி நின்றாள் அண்ணி. முகத்துணிக்கு மேலே கண்கள் களைத்திருந்தன. "மோப்பம், இது கைக்கு எட்டினது. தட்டி விட்டுடாத."

போய்விட்டாள்.

அறை சிறியது. ஒரு மேசை, ஒரு கைகழுவும் தொட்டி, கண்ணாடி ஜாடிகள் அடுக்கிய ஒரு தட்டு. சன்னலுக்கு வெளியே காற்றுத் தொட்டி ஓயாமல் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. தினமும் அதிலிருந்து ஒரு ஜாடி மொண்டு வைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, கசடு எவ்வளவு படிகிறது என்று பார்ப்பது அவள் வேலை. உயிர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் கசடு படியாது, கலங்கி மிதக்கும். கூடத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் காஸ்டிக் வந்துவிட்டால்கூடப் போதும், இரண்டு நாள் சோர்ந்து கிடக்கும். அவற்றை அவள் ஆடுமாடு வளர்ப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டாள். திட்டுவாள், கொஞ்சுவாள், ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

இன்று ஜாடியில் கசடு கச்சிதமாக அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. மூன்று வாரமாக இப்படித்தான். இத்தனை ஆரோக்கியமாக அவை இருந்ததே இல்லை.

அவள் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவற்றுக்கு வர வேண்டிய நஞ்சில் ஒரு பங்கு இவற்றுக்கு வருவதில்லை. வராதது காற்றில் கரைந்துபோகவில்லை. அப்படியென்றால் அது வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

"உள்ள யாராவது உயிரோட இருக்கீங்களா?"

டேங்கர் ஓட்டுநர். தோளில் ஒரு அட்டைப்பெட்டி, மூக்கில் கைக்குட்டை. "இத வாங்கிக்க. போன தடவை தெருவுல தண்ணில விழுந்து பெட்டி ஊறிப்போச்சு. குடுக்க முடியல. உன் தொட்டியில கொட்டிரச் சொன்னாங்க."

"முதல் பெட்டியா?"

"ஆமா. நீ ஒண்ணு குடிச்சுப் பாரேன், சும்மாதானே போகுது? நான் ஒரு நாள் குடிச்சேன். திராட்சையும் சோப்பும் கட்டிப் புரண்ட மாதிரி இருந்துச்சு." அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "ஓசில வர்றதுக்கு ருசி கேக்கக் கூடாதுன்னு என் சம்சாரம் சொல்லிட்டா."

"சோப்பு மாதிரியா?"

"சும்மா சொன்னேன்மா. சரி, தண்ணி ரொப்பி ஆச்சு, நான் கிளம்பறேன். உங்க அண்ணி ஏற்கனவே முன் சீட்டுல உக்காந்தாச்சு, ராணி மாதிரி."

அவர் போன பிறகு அவள் பெட்டியைப் பிரித்தாள். வெள்ளிநிறத் தாள் பாக்கெட்டுகள், பக்கத்தில் ஒட்டிய உறிஞ்சு குழல். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கறுப்புத் திராட்சை பானம். ஒவ்வொன்றின் அடியிலும் அடைத்த நேரம் நிமிடக் கணக்கில் அச்சாகியிருந்தது.

கத்தியால் முனையை வெட்டி முதல் பாக்கெட்டைக் கைகழுவும் தொட்டியில் சாய்த்தாள்.

பச்சையாக விழுந்தது.

கத்தியைக் கீழே வைத்தாள். கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள், குனிந்து மோந்தாள். கெட்ட பழத்தின் புளிப்பு இல்லை. புளிப்பே இல்லை. வெள்ளைத் தொட்டியில் பாசி படிந்த குளத்து நிறத்தில் அது மெல்லச் சுழன்று இறங்கியது. விரலைத் தொட்டுப் பெருவிரலோடு தேய்த்தாள். வழுக்கியது. எத்தனையோ முறை கையுறை கிழிந்த நாட்களில் அவள் விரல்கள் அறிந்த வழுக்கல் அது. தோலின் எண்ணெயே சோப்பாக மாறும் வழுக்கல்.

பிறகு அவள் நிதானமாக வேலை செய்தாள். பாக்கெட்டுகளை அடியிலிருந்த நேரப்படி பிரித்தாள். தட்டிலிருந்த கண்ணாடி ஜாடிகளை வரிசையாக மேசையில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒன்றை ஊற்றினாள். ஆறு மணி இரண்டு நிமிடம்: வெளுத்த பச்சை. மூன்று: அடர் பச்சை. நாலு: பச்சையில் நீலம். ஆறு: மைநீலம். ஒன்பது: ஊதா. பத்து: கறுப்புத் திராட்சை, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. மேசையில் ஒரு விடியல் மாதிரி நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து நின்றன. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்து இவ்வளவு பயந்ததில்லை அவள்.

சோதனைத் தாளை மூன்றாம் நிமிடத்து ஜாடியில் நனைத்தாள். தாள் கருநீலமானது, கடும் காரம். திராட்சையின் கறுப்பைப் பச்சையாக்கியதும் அதுதான்.

நாலு நிமிடத் தண்ணீர் பெரிய குழாயைக் கழுவிவிடும். வளைவுகளிலும் மூலைகளிலும், அடைக்கும் இயந்திரத்துக்குப் பிரியும் கிளைகளிலும் தேங்கிய காஸ்டிக் அங்கேயே கிடக்கும். பின்னாலேயே வரும் பழச்சாறு அதைத் தள்ளிக்கொண்டு போகும். முன்பென்றால் அந்த முதல் ஓட்டம் வாய்க்காலில் விழுந்து அவள் தொட்டிக்கு வந்திருக்கும். இரண்டு கேன் ஆசிட்டில் அடங்கியிருக்கும். இப்போது அது பாக்கெட்டுக்குள் போகிறது. பரிசோதனைக்கூடத்துப் பெண் சோதனைக்குச் சாறு எடுப்பது எப்போதும் பத்தாவது நிமிடத்தில். முதல் ஓட்டம் எப்படியும் கொட்டப்படுவதுதானே, அதை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது. கழுவலைக் குறைத்தது நல்லதுக்கு. கொட்டாமல் சேர்த்தது நல்லதுக்கு. இரண்டு நல்லதும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

குழந்தைகள் உறிஞ்சு குழலில் குடிக்கிறார்கள். நிறம் தெரியாது.

அண்ணியின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் அதிகாரியின் காரிலேயே போயிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு பதினைந்து. மூன்றாம் நிமிடத்து ஜாடியை ஒரு தண்ணீர் பாட்டிலில் கவிழ்த்து மூடி, ரப்பர் பூட்ஸோடே ஓடத் தொடங்கினாள். பலகையில் ஒன்று புள்ளி ஒன்பது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தெரு பத்து நிமிட ஓட்டம். தொழிற்சாலைச் சுவர் முடியும் இடத்தில் தொடங்கும். வாசல்தோறும் காலிக் குடங்கள் வெளியே வந்திருந்தன. அவற்றின் வாய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத் திறந்திருப்பது மாதிரி அவளுக்குத் தோன்றியது. ஒரு சன்னலில் ஒரு சிறுமி வாயைத் திறந்து, கண்ணாடியில் தன் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ சொன்னார்கள், "சாக்கடை மகாராணி ஓடுறா பாரு, எங்க தீப்பிடிச்சுதோ." யாரோ சிரித்தார்கள்.

டேங்கர் தெருமுனையில் நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் குடங்களில் விழும் சத்தம். பக்கத்தில் குடையும் கோப்புமாக அதிகாரி. அவர் அருகில், கைகளைக் கட்டியபடி மேலாளர். முதல் பெட்டி ஒன்று திறந்து ஒரு நாற்காலியில் இருந்தது. அண்ணி முகத்துணியை இறக்கிவிட்டுச் சிரித்தபடி ஒவ்வொரு கையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

மோப்பம் குழந்தைகளை விலக்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் மேல் கையை விரித்து வைத்தாள். "போதும் அண்ணி. குடுக்காதீங்க." முன்னால் நின்ற இரண்டு பேர் கையிலிருந்ததையும் பிடுங்கினாள். அதில் ஒன்று அழத் தொடங்கியது.

"என்ன பண்றே? பைத்தியமா?"

"இதுல காஸ்டிக் இருக்கு." குரல் எழும்பவில்லை, மூச்சுதான் வந்தது. "கழுவல் பத்தல. மிச்சம் இதுலதான் வருது. பாருங்க." பாட்டிலை இரண்டு பேருக்கும் நடுவில், மார்போடு ஒட்டிப் பிடித்தாள். வெயில் பட்டுப் பச்சை இன்னும் பச்சையானது.

அண்ணி பார்த்தாள். நெடுநேரம் பார்க்கவில்லை, ஒருமுறை பார்த்துவிட்டு நாத்தனாரின் முகத்துக்குக் கண்ணை உயர்த்தினாள். அதில் ஆச்சரியம் இல்லை. மோப்பம் அதைத்தான் எதிர்பார்த்து ஓடி வந்திருந்தாள், ஆச்சரியத்தை. அது எங்கே என்று தேடுபவள் போல அந்த முகத்தையே பார்த்தாள்.

அப்போதுதான் வரிசையின் தொடக்கத்தில், டேங்கர் சக்கரத்தில் சாய்ந்து நின்ற அண்ணன் மகளைக் கவனித்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் பாக்கெட்டோடு நின்றார்கள். இவள் கை காலியாக இருந்தது.

"உனக்குக் கிடைக்கலையாடா?"

"அம்மா எனக்கு வேண்டாம்னுட்டாங்க அத்தை. எப்பவும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

தண்ணீர் குடத்தில் விழுந்து நிரம்பி வழிந்தது. யாரோ குடத்தை மாற்றினார்கள்.

"எப்போலேருந்து தெரியும் அண்ணி?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது." அண்ணியின் உதடு அதிகம் அசையவில்லை, பார்ப்பவர்களுக்கு அவள் இன்னும் புன்னகைப்பது மாதிரிதான் இருந்திருக்கும். "ஒரு நாள் வாயில வச்சுப் பாத்தேன், ஒரு மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். என் நாக்குதான் அப்படின்னு நெனச்சுக்கிட்டேன். சும்மா ஒரு பயத்துல அவளுக்கு மட்டும் குடுக்கல. மாசக் கடைசி வரைக்கும்தானே, அதிகாரி கையெழுத்து ஆனதும் பழையபடி பத்து நிமிஷம் ஆக்கிடலாம்னு..."

"என்ன தகராறு அங்க?" என்றார் மேலாளர்.

அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு நெருங்கினார். வயதானவர், மரியாதையான குரல். தெருவும் பின்னாலேயே நெருங்கியது: தையல்காரம்மா, எதிர்வீட்டுக்காரர், இடுப்பில் குழந்தைகளோடு பெண்கள். மோப்பத்தின் பூட்ஸைப் பார்த்தார்கள், பிறகு பாட்டிலைப் பார்த்தார்கள்.

"நீங்கதானே கழிவுநீர்ப் பிரிவு?" என்று கேட்டார் அதிகாரி. "கையில என்னம்மா அது, பச்சையா?"

"அதான் பாருங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "அந்தத் தண்ணியத்தான் எங்களுக்கு ஊத்துறாங்க. கேளுங்க சார், அவ வாயாலேயே சொல்லட்டும்!"

அண்ணியின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. ஜில்லென்றிருந்தன. அடுப்படியில் கை சுட்டுக்கொண்ட நாட்களில் தண்ணீருக்கடியில் பிடித்து நிறுத்திய அதே விரல்கள். பெட்டியின் மேல் மோப்பத்தின் இன்னொரு கை அப்படியே விரிந்து கிடந்தது. ஒரு சின்னக் கை அதன் அடியில் நுழைந்து ஒரு பாக்கெட்டை இழுக்கப் பார்த்தது.

"உன் தொட்டித் தண்ணின்னு சொல்லிடு" என்றாள் அண்ணி, காதோடு. "அத அவங்க ஏற்கனவே நம்பிட்டாங்க. இந்தப் பெட்டிய நானே தூக்கி எறிஞ்சிடறேன், நாளைக்கே பத்து நிமிஷம் ஆக்கிடறேன். எனக்காக வேண்டாம். அதோ நிக்குதே அதுக்காக, உங்க அண்ணனுக்காக. ஒரே ஒரு வார்த்தை. உன் தண்ணின்னு சொல்லிடு, மோப்பம்."